மார்ச்சில் ராஜமலை போகலாமா?

கேள்வி, ஜனவரி 8

மார்ச் இரண்டாம் வாரம் குடும்பத்தோடு மூணாறு போகிறோம். ஆறு பேர். அப்பாவுக்கு 71 வயது, என் பையனுக்கு 5. இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாட்டுக் குட்டிகளைப் பார்க்க வேண்டும், பயணமே அதற்காகத்தான். வசந்தகாலத்தில் குட்டி போடும் என்று படித்தேன். கோவையிலிருந்து காரில் வருகிறோம். காலையில் போவது நல்லதா, மாலையிலா? வண்டியை எங்கே நிறுத்துவது?

ஜனவரி 8, இரவு

மார்ச்சில் பூங்கா மூடியிருக்கும். அறைக்கு முன்பணம் கட்டியிருந்தால் நாளைக்கே கூப்பிட்டுத் தேதியை மாற்றுங்கள்.

குட்டி போடும் காலம் என்பதால்தான் மூடுகிறார்கள். வழக்கமாகப் பிப்ரவரி 1 முதல் மார்ச் 31 வரை. குட்டிகள் எப்போது கண்ணில் பட ஆரம்பிக்கின்றன என்பதைப் பார்த்து நாள் கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஏப்ரல் தொடக்கத்தில் திறப்பார்கள். அப்போது போனால் இரண்டு மூன்று மாதக் குட்டிகளைப் பார்க்கலாம். தாயோடு மேய்ந்துகொண்டு, பாறைக்குப் பாறை தாவிக்கொண்டு இருக்கும்.

ஆகவே ஏப்ரலுக்கு மாற்றுங்கள். மழையும் இருக்காது, அட்டையும் இருக்காது.

காலையா மாலையா என்றால் காலைதான், அதுவும் முதல் பேருந்து.

ஜனவரி 9, காலை

நிறுத்துமிடம் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. பூங்காவில் பயணிகளை அனுமதிக்கும் பகுதிதான் ராஜமலை. சொந்த வண்டியில் அங்கே ஏற முடியாது. மூணாறு – மறையூர் சாலையில் அஞ்சாம் மைல் என்ற இடத்தில் சீட்டு வாங்கி, வனத்துறைப் பேருந்தில்தான் மேலே போக வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குள் வளைந்து வளைந்து ஏறும். இறக்கிவிட்ட இடத்திலிருந்து தார்ச்சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. அது போய்வரும் அளவுக்குத்தான் நமக்கு அனுமதி. பூங்கா 97 சதுர கிலோமீட்டர், நாம் பார்ப்பது அதன் ஓரம் மட்டும்.

ஜனவரி 9, இரவு

"ஏப்ரலில் அண்ணனுக்கு லீவு கிடைக்காது, மார்ச்சிலேயே எங்காவது ஒரு பக்கமாக உள்ளே போக வழி இருக்கிறதா, தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். வழி இல்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, காரணத்தைக் கேளுங்கள்.

வரையாடு ஒரு ஈற்றில் பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். தென்மேற்குப் பருவமழையில் இணைசேர்ந்து, ஏறக்குறைய ஆறு மாதம் சுமந்து, ஜனவரி பிப்ரவரியில் ஈனும். ஈனும் நேரத்தில் தாய் கூட்டத்தை விட்டு விலகிச் செங்குத்தான பாறைப் பக்கம் போய்விடும். சிறுத்தையோ செந்நாயோ எளிதில் வர முடியாத இடமாகப் பார்த்து நிற்கும். முதல் சில வாரங்கள் குட்டிக்குத் தாயின் நிழல்தான் உயிர். அந்த நேரத்தில் ஆள் சத்தம் கேட்டுத் தாய் மிரண்டு ஓடினால், குட்டியால் பின்னாலேயே ஓட முடியாது. ஒரு வருடத்துக்கு ஒரு குட்டி, அதையும் இழந்தால் அந்தத் தாய்க்கு அந்த வருடம் அவ்வளவுதான்.

உலகத்திலேயே இந்த ஆடு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் மட்டும்தான் இருக்கிறது. அதிலும் ஒரே இடத்தில் பெருங்கூட்டமாக வாழ்வது இரவிகுளத்தில். இரண்டு மாதம் கதவைச் சாத்துவது அதற்காகத்தான்.

ஜனவரி 11

முதல் நாள் "ஏப்ரலில் மழை இருக்காது" என்று எழுதினேன். தப்பு. நேற்று பழைய படங்களைப் புரட்டியபோது என் ஏப்ரல் படங்களில் பாதி, குடை பிடித்தபடி எடுத்தவை என்று தெரிந்தது.

சரியாகச் சொன்னால் இப்படி. ஏப்ரலில் காலை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பத்து பதினோரு மணிக்கு மேல் ஆனைமுடிச் சிகரத்தின் பக்கம் மேகம் கூடும். மதியம் மூடுபனி இறங்கும். பிற்பகலில் இடியோடு கோடைமழை கொட்டும். தினமும் அல்ல, ஆனால் எதிர்பார்த்தே போக வேண்டும். ஒருமுறை நான் மதியம் ஒன்றரை மணிக்கு மேலே ஏறி, பத்தடி தூரத்தில் இருந்த கைப்பிடிச் சுவர்கூடத் தெரியாமல் திரும்பி வந்தேன். வரையாடு சாலையோரத்திலேயே நின்றிருக்கலாம், யாருக்குத் தெரியும். முதல் பேருந்து என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கூட்டம் குறைவு என்பது அடுத்த காரணம்.

வெயிலை நம்பிக் குளிராடையை விட்டுவிட்டு வராதீர்கள். இரண்டாயிரம் மீட்டர் உயரம், காற்று அடித்தால் ஏப்ரலிலும் காது விறைக்கும். பையனுக்குக் குல்லா, அப்பாவுக்கு மப்ளர்.

ஜனவரி 12

கொம்பை வைத்து ஆண் பெண் பிரிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். முடியாது, இரண்டுக்குமே கொம்பு உண்டு. பின்பக்கமாக வளைந்திருக்கும். ஆணுக்குத் தடிமனும் நீளமும் அதிகம். வயதான கிடாவின் முதுகில் சேணம் போட்டது போல வெளுப்பாக ஒரு திட்டு இருக்கும், உடம்பு கருத்திருக்கும். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் குழம்பாது. ஆனால் ராஜமலைச் சாலையோரத்தில் அதிகம் வருவது பெட்டைகளும் குட்டிகளும்தான்.

ஜனவரி 16

பொங்கல் வேலையில் எழுத முடியவில்லை. இன்று அம்மாவிடம் இந்தப் பேச்சைச் சொன்னேன். அவர் சொன்ன பிறகு எனக்கே பழைய கதை முழுதாக நினைவுக்கு வந்தது, அதை எழுதத்தான் வேண்டும்.

அம்மா பிறந்து வளர்ந்தது மூணாறுப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். தாத்தாவும் பாட்டியும் தோட்டத் தொழிலாளர்கள், பாட்டி கொழுந்து கிள்ளுவார். கல்யாணமாகிப் போடிக்கு வந்த பிறகு அம்மா மலைக்குத் திரும்பிப் போனது சாவு காரியங்களுக்கு மட்டும்தான். தேயிலைக்கு மேலே புல்மேடு தொடங்கும் இடத்தில் வரையாடு வரிசையாக நிற்கும், விடியலில் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். பதினான்கு வருடம் முன்பு எனக்கு வேலை நிலைத்ததும் முதல் காரியமாக அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மார்ச் மாதம். எதையும் விசாரிக்கவில்லை.

அஞ்சாம் மைலில் கதவு சாத்தியிருந்தது. காவலர் மரியாதையாகத்தான் சொன்னார். நான்தான் அரை நாள் கார் ஓட்டி வந்த எரிச்சலில் வாக்குவாதம் செய்தேன். எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறோம், வயதானவர், தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம் என்றெல்லாம். அம்மா காரிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்து, "பிள்ளை பெத்த வீட்டுக்குள்ள கூட்டமா போவாங்களா? வா" என்றார். அவ்வளவுதான். சாலையோரக் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.

அடுத்த வருடம் ஏப்ரலில் கூட்டிப்போனேன். அந்தக் கதையை அப்புறம் எழுதுகிறேன்.

ஜனவரி 19

மார்ச்சை மாற்றவே முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, வேறு மலை. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். அந்தப் பாறைச் சரிவில் வரையாடுகள் அடிக்கடி நிற்கும், சில நேரம் சாலையின் தடுப்புச் சுவர் மேலேயே. கோவையிலிருந்து வருகிறவர்களுக்குப் பொள்ளாச்சி தாண்டியதும் வந்துவிடும், மூணாறைவிடப் பக்கம். நான் நான்கு முறை போனதில் மூன்று முறை பார்த்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அது பொதுச்சாலை என்பதால் கதவும் இல்லை, காவலும் எந்நேரமும் இல்லை. நேந்திரம் சிப்ஸை நீட்டுகிறவர்களையும், படம் எடுக்கக் கொம்பைப் பிடிக்கப் போகிறவர்களையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு இது, தொட்டால் சிறைதான். சட்டம் கிடக்கட்டும், சிப்ஸ் தின்னப் பழகிய ஆடு சாலைக்கு வரும், வண்டியில் அடிபடும். வண்டியை ஓரம்கட்டி, கண்ணாடியை இறக்கி, உள்ளிருந்தே பாருங்கள். பையனுக்கு அதுவே போதும்.

இ-பாஸ், சோதனைச்சாவடி நேரம் இரண்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன. கிளம்பும் முந்தைய நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 24

கேட்டவர் ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்கு மாற்றிவிட்டாராம், அண்ணனுக்கும் லீவு கிடைத்துவிட்டதாம். நல்லது. வழி சொல்கிறேன்.

கோவை, பொள்ளாச்சி, உடுமலை, அமராவதி, ஒன்பதாறு சோதனைச்சாவடி, சின்னாறு, மறையூர், மூணாறு. இந்தப் பாதையில் ஒரு வசதி, மூணாறு ஊருக்குள் நுழையும் முன்பே அஞ்சாம் மைல் வந்துவிடும். ஆனால் அன்றைக்கே பூங்காவுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், வந்து சேரும்போது மதியமாகிவிடும். மதியம் என்றால் மூடுபனி.

ஒன்பதாறு முதல் சின்னாறு தாண்டும் வரை காடு, யானை நடமாட்டம் உள்ள சாலை. மாலை ஆறு முதல் காலை ஆறு வரை வண்டிகளை விட மாட்டார்கள். வழியில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள்.

சின்னாறு மழைமறைவுப் பகுதி. முள்காடும் கள்ளியும் பாறையுமாகக் காய்ந்து கிடக்கும். அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் ஏறினால் சோலையும் தேயிலையும். ஒரே மலையின் இரண்டு முகத்தையும் ஒரே காலையில் பார்ப்பது இந்த வழியில்தான் முடியும். போடிமெட்டு வழி என்னுடைய வழி, அதன் அழகு வேறு, ஆனால் உங்களுக்குச் சுற்று.

இன்னொன்று, மறையூரிலிருந்து மூணாறு வரும் சாலையில் மார்ச் ஏப்ரலில் ஜகரண்டா பூத்திருக்கும். நீலவாகை என்பார்கள். தேயிலையின் பச்சைக்கு நடுவில் ஊதா மரம். வெள்ளைக்காரன் கொண்டுவந்து வைத்த மரம்தான், இந்த மண்ணின் மரம் இல்லை, இருந்தாலும் அழகை அழகென்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு அதைவிடப் பிடித்தது சோலையோரத்தில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு. ரோடோடென்ட்ரான் என்றால் பலருக்கு இமயமலை நினைவு வரும், நம் மலையிலும் இருக்கிறது. ஏப்ரலில் கடைசிப் பூக்கள் மிச்சமிருந்தால் அதிர்ஷ்டம்.

பிப்ரவரி 2

மூடிவிட்டார்கள்.

பிப்ரவரி 17

"மலையில் புல்லைக் கொளுத்தியிருக்கிறார்கள், காட்டைக் காக்கிறவர்களே இப்படிச் செய்யலாமா" என்று ஒருவர் கேட்டதற்கு.

கோடை முற்றுவதற்கு முன்பே, ஈரம் மிச்சம் இருக்கும் குளிர்காலத்தில், கட்டுப்பாட்டோடு பட்டை பட்டையாக எரிப்பார்கள். தீத்தடுப்புக் கோடு என்பது அதுதான். மார்ச் ஏப்ரலில் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும்போது யாரோ வீசிய பீடித்துண்டால் தீப்பிடித்தால், அந்தக் கோட்டில் வந்து நிற்கும். தீயைப் பற்றித் தெரியாதவர்கள் செய்யும் வேலை அல்ல அது. பெரும்பாலும் இந்த மலையின் பழங்குடிகளான முதுவர்கள்தான் செய்கிறார்கள்.

முதுவர்களைப் பற்றி இரண்டு வரி. மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்வார்கள். பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் என்ற பெயர் வந்ததாம். பூங்காவுக்குள்ளேயே லக்கம் குடி என்ற அவர்கள் குடியிருப்பு இருக்கிறது. தீக்காவல், விலங்குக் கணக்கெடுப்பு, ரோந்து எல்லாவற்றிலும் அவர்கள் கால்தான் முன்னால். பூங்காவின் பழைய கதையைப் பேசினால் எஸ்டேட் துரைமார் பெயர்கள்தான் வரும். அவர்கள் வேட்டைச் சங்கம் வைத்து, பிறகு பாதுகாத்தார்கள், உண்மைதான். அந்தத் துரைமாருக்குக் காட்டில் வழிகாட்டிப் போனவர்கள் முதுவர்கள்.

1971-இல் கேரள அரசு சட்டம் போட்டு, மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலையில் தேயிலை போடாத நிலங்களைத் திரும்ப எடுத்தது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. அந்தச் சட்டம் வராமல் இருந்திருந்தால் இன்று ராஜமலையில் எதைப் பார்த்துக்கொண்டிருப்போம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

பிப்ரவரி 18

நேற்று எழுதியதில் ஒரு விஷயம் விட்டுப்போனது. ராஜமலை வரையாடு ஏன் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை? எஸ்டேட் காலத்தில் உப்பு வைத்துப் பழக்கினார்கள் என்று சொல்வார்கள். அம்மாவும் அதைத்தான் சொல்கிறார். அந்தப் பழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது, நாம் அதன் பலனை அனுபவிக்கிறோம். பக்கத்துச் சரிவுகளில் இருக்கும் கூட்டங்கள் இப்படி இல்லை, ஆள் வாடை பட்டாலே மறைந்துவிடும்.

ராஜமலையில் உங்கள் முன் மூன்றடியில் ஆடு வந்து நின்றால் அது செல்லப்பிராணி என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் நகராமல் நில்லுங்கள், அதுவாகத் தாண்டிப் போகும்.

மார்ச் 3

கொடைக்கானலிலிருந்து மூணாறுக்குக் குறுக்குவழி இருக்கிறதாமே என்று ஒவ்வொரு கோடையிலும் யாராவது கேட்பார்கள். இப்போதும் கேட்டாயிற்று. பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன் போகும் பழைய சாலை அது. தென்னிந்தியாவில் மிக உயரத்தில் போன சாலைகளில் ஒன்று. பல வருடங்களாக மூடிக் கிடக்கிறது, காடு ஏறிவிட்டது. கொடைக்கானலையும் மூணாறையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் கீழே இறங்கி வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, போடி வந்து போடிமெட்டு ஏறுங்கள். அல்லது பழனி வழி இறங்கி உடுமலை. ஒரு நாள் முழுக்கப் போகும். என்னைக் கேட்டால் இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்காதீர்கள்.

மார்ச் 9

ஆனைமுடி ஏற அனுமதி கிடைக்குமா? சுற்றுலாப் பயணிகளுக்குக் கிடையாது. 2,695 மீட்டர், இமயமலைக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயரம் இல்லை. ராஜமலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் யானையின் மத்தகம் போலக் கருப்பாக நிற்கும். பெயர் ஏன் வந்தது என்று கேட்கவே தோன்றாது.

மார்ச் 21

சீட்டு விஷயம். ஜனவரியில் தனிச்செய்தியில் கேட்ட ஒருவருக்கு "வாரநாளில் நேரில் போனாலே கிடைக்கும், முன்பதிவு வேண்டாம்" என்று சொன்னேன். அதை நம்பாதீர்கள். ஏப்ரலில் திறந்த முதல் வாரங்களில் இரண்டு மாதம் காத்திருந்த கூட்டம் மொத்தமும் வரும். அதோடு புனித வெள்ளி, ஈஸ்டர், சித்திரை முதல் நாள், விஷு எல்லாம் நெருக்கி நெருக்கி வந்துவிடும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் இருக்கிறது. வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள். நேரம் குறித்துத் தருவார்கள், காலையில் முதல் நேரத்தை எடுங்கள். கேட்டவர் சித்திரை முதல் நாளுக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, வாரநாளில் போகிறார். அது சரியான தேர்வு.

அப்பாவுக்கு நடக்கச் சிரமமா என்று கேட்டீர்கள். சாலை தார்ச்சாலைதான், ஆனால் ஏற்றம். உயரத்தில் மூச்சு வாங்கும். நின்று நின்று ஏறலாம், உட்காரத் திண்டுகள் உண்டு. மின் வண்டியும் விடுகிறார்கள், இடம் குறைவு. எங்கே நின்று பார்த்தாலும் மலைதான், கடைசி வரை போனால்தான் ஆடு தெரியும் என்று இல்லை. நான் பார்த்தவற்றில் பாதி, பேருந்து நிறுத்தத்துக்கு நூறு அடிக்குள். முழங்கால் வலி இருந்தால் அவரை அங்கேயே ஒரு திண்டில் உட்கார வைத்துவிட்டுப் போங்கள், உங்களுக்கு முன் அவர் பார்த்துவிடுவார்.

பிளாஸ்டிக் பாட்டில், உறையில் அடைத்த தின்பண்டம் எதையும் மேலே கொண்டுபோகாதீர்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்.

மார்ச் 22

குறிஞ்சி இந்த ஏப்ரலில் பூக்குமா என்று கேட்டவருக்கு: பூக்காது. நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை. 2006, 2018, அடுத்தது 2030. அதுவும் வசந்தத்தில் இல்லை, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. 2018 ஆகஸ்டில்தான் பெருவெள்ளம் வந்தது. பெரியவாரைப் பாலம் உடைந்து மூணாறு – மறையூர் சாலை துண்டானது. மலை பூத்துக் கிடந்தும் போய்ச் சேர வழி இல்லாமல் பலர் திரும்பினார்கள், நானும்தான். 2030-க்காகக் காத்திருக்கிறேன். அம்மாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருக்கும்.

ஏப்ரல் 2

திறந்துவிட்டார்கள். கேட்டவருக்குக் காலை முதல் நேரத்துக்கே சீட்டு கிடைத்துவிட்டதாம்.

நான் சொன்ன ஏப்ரல் கதை பாக்கி இருக்கிறது அல்லவா. அம்மாவை அடுத்த வருடம் கூட்டிப்போன அன்று மூடுபனி. காலை எட்டரை மணிக்கே. ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா கைப்பிடிச் சுவரில் கையூன்றி நின்று, "இரு, சத்தம் கேளு" என்றார். பனிக்குள் எங்கேயோ கல் உருளும் சத்தம். பிறகு மூச்சு சீறுவது போல ஒரு சத்தம். ஒரு நிமிடம் கழித்துக் காற்று அடித்துப் பனி கிழிந்தது. எங்களுக்குக் கீழே இருபதடியில் ஒன்பது பெட்டைகள், நான்கு குட்டிகள். மீண்டும் மூடிக்கொள்ளும் வரை பத்து நிமிடம் இருந்திருக்கும். நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

ஆகவே மூடுபனி இருந்தால் திரும்பிவிடாதீர்கள். ஜனவரியில் நானே பயமுறுத்திவிட்டேன் போலிருக்கிறது. மதியப் பனி கலையாது, காலைப் பனி பெரும்பாலும் கலையும். காத்திருங்கள்.

ஏப்ரல் 6

வரையாடு மொத்தம் எத்தனை இருக்கிறது என்ற கேள்விக்கு. தமிழ்நாட்டு வனத்துறை 2024-இல் ஒரே நேரத்தில் எல்லா இடங்களிலும் எடுத்த முதல் கணக்கெடுப்பில் 1,031. 2025-இல் 1,303. இது தமிழ்நாட்டுப் பகுதி மட்டும். கூடியதெல்லாம் புதிதாகப் பிறந்தவை என்று எடுத்துக்கொள்ள முடியாது, அதிக இடங்களைப் பார்த்தாலே எண்ணிக்கை கூடும். ஆனாலும் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. நம் மாநில விலங்கு இது, பழம்பாடல்களில் வருடை என்று வருவதும் இதுதான். பள்ளிப் புத்தகத்தில் பெயரை மனப்பாடம் செய்த பிள்ளைகளில் எத்தனை பேர் நேரில் பார்த்திருப்பார்கள்? உங்கள் பையன் ஐந்து வயதிலேயே பார்க்கப் போகிறான்.

ஏப்ரல் 19

கேட்டவர் போய்வந்து எழுதியிருக்கிறார். அவர் அனுமதியோடு சுருக்கமாக. முதல் பேருந்து. வானம் தெளிவு. ஆடு இல்லை. கடைசி வரை நடந்தும் ஒன்றுமில்லை, பையன் முகம் வாடிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போன தாத்தா மேலே கை காட்டுகிறார். ஒரு தாயும் குட்டியும் சாலைக்கு மேல் பாறையில். தாத்தா அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், போன் செய்தால் சத்தத்தில் ஓடிவிடும் என்று யாரையும் கூப்பிடவில்லையாம். பிறகு இரண்டும் இறங்கிச் சாலையைக் கடக்க, பேருந்து ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டார். குட்டி நடுச்சாலையில் நின்று பேருந்தைப் பார்த்துவிட்டுப் போனதாம்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். குட்டிக்குக் கொம்பு முளைத்திருந்ததா என்று கேட்கச் சொல்கிறார். எவ்வளவு முளைத்திருக்கிறது என்று தெரிந்தால் எப்போது பிறந்தது என்று சொல்லிவிடுவாராம். படம் இருந்தால் போடுங்கள்.

ஏப்ரல் 20

படம் பார்த்தோம். கொம்பு விரல் நுனி அளவுதான். ஜனவரிக் கடைசியில் பிறந்தது என்கிறார் அம்மா. மே மாதம் மழை பிடிப்பதற்குள் ஒருமுறை தன்னையும் கூட்டிப்போகச் சொல்கிறார். அடுத்த வாரத்துக்கு இரண்டு சீட்டு எடுத்துவிட்டேன், முதல் பேருந்துக்கு.